பெல்ட் என் கையில்... மின்னல் நடுரோட்டில்! உங்கள் நாய்க்கு எந்தக் கழுத்துப்பட்டை சரி?

மாலை ஆறு மணி இருக்கும். மதுரை பைபாஸ் ரோட்டில், காளவாசல் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், நானும் மின்னலும் வழக்கம்போல ஓரமாக நடந்துகொண்டிருந்தோம். பின்னால் வந்த தண்ணீர் லாரிக்காரர் ஏர்ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினார். மின்னல் மிரண்டுபோய் நாலு காலையும் ஊன்றிப் பின்பக்கமாக இழுத்தாள். அடுத்த நொடி என் கையில் சங்கிலி இருந்தது, சங்கிலியின் நுனியில் பூட்டிய பெல்ட் அப்படியே வட்டமாகத் தொங்கியது. பெல்ட்டுக்குள் நாய் இல்லை.

ரோட்டின் குறுக்கே அவள் பாய்ந்ததில், பைக்கில் வந்த ஒரு தம்பி பிரேக் போட்டுச் சறுக்கி விழுந்தான். முழங்கால் தோல் உரிந்து ரத்தம். நல்லவேளை, பின்னால் பஸ் எதுவும் வரவில்லை. "நாயைப் பிடிக்கத் தெரியாதாக்கா உங்களுக்கு?" என்று கேட்டான். என்ன பதில் சொல்வது? அவனை எழுப்பி உட்காரவைத்து, தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், மின்னலைக் காணவில்லை.

அன்று ராத்திரி முழுக்கத் தேடினோம். மறுநாள் விடிகாலையில் பொன்மேனிப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சுக்கு அடியில் சுருண்டு கிடந்தாள். "நாய் நல்ல ஜாதி நாயா இருக்கே, கழுத்துல போன் நம்பர் ஏதாவது இருந்தா கூப்பிடலாம்னு பார்த்தேன்மா" என்றார் டீக்கடைக்காரர். நம்பர் எழுதிய தகடு இருந்தது. ஆனால் அது மாட்டியிருந்த பெல்ட், எங்கள் வீட்டு மேஜைமேல் இருந்தது.

இன்ச் டேப் சொன்ன கணக்கு

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் செய்த முதல் வேலை, பெல்ட்டை இன்னும் ஒரு ஓட்டை இறுக்கிப் போட்டது. எல்லா வீட்டிலும் இதைத்தான் செய்வார்கள். இரண்டு நாளில் மின்னல் இருமத் தொடங்கினாள். தண்ணீர் குடிக்கும்போது புரையேறியது. கழுத்து முடியை விலக்கிப் பார்த்தால் சிவந்து கிடந்தது. உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அந்த டாக்டரம்மா மருந்துச் சீட்டு எழுதும் முன்பு மேஜை டிராயரிலிருந்து தையற்காரர்கள் வைத்திருக்கும் இன்ச் டேப்பை எடுத்தார். கழுத்தின் நடுவில் சுற்றி அளந்தார்: 13½ இன்ச். பிறகு காதுக்கு முன்னால், தலையின் அகலமான இடத்தில் சுற்றினார்: 14 இன்ச். "இப்ப நீங்களே கணக்குப் போடுங்க. கழுத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவுல ரெண்டு விரல் போற மாதிரி இருக்கணும்னா பெல்ட் எத்தனை இன்ச் வரும்?"

பதினாலரையாவது வரும். தலையோ 14. அப்படியென்றால் பெல்ட்டைச் சரியாகப் போட்டால் கழன்றுவிடும், கழலாமல் போட்டால் கழுத்தை நெரிக்கும். மின்னலுக்கு அந்தச் சாதாரண பெல்ட்டில் சரியான ஓட்டை என்று ஒன்று இல்லவே இல்லை. நாங்கள் மூன்று வருடமாக இல்லாத ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மின்னல் கன்னி இனம். கன்னி, சிப்பிப்பாறை இரண்டும் கண்ணால் இரையைப் பார்த்துத் துரத்திப் பிடிக்கும் வேட்டை நாய்கள். வெளிநாட்டு கிரேஹவுண்ட் மாதிரியே ஒடுங்கிய நீள முகம், சின்னத் தலை, அதற்குக் கொஞ்சமும் குறையாத கழுத்து. ஓட்டத்துக்காகவே வார்த்த உடம்பு. கடையில் தொங்கும் பெல்ட்டுகளோ பெரும்பாலும் லாப்ரடார் மாதிரி மண்டை பெரிதான நாய்களை மனதில் வைத்துச் செய்தவை. லாப்ரடாருக்கு இந்தப் பிரச்னை வராது. அதன் மண்டையைத் தாண்டிப் பெல்ட் கழல வேண்டுமென்றால் நாமே கழற்றினால்தான் உண்டு.

டாக்டரம்மா சொன்ன தீர்வுக்குப் பெயர் மார்ட்டிங்கேல். கிரேஹவுண்ட் வளர்ப்பவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்துவது. பெரிய பட்டை ஒன்று, அதன் இரண்டு முனையிலும் வளையம், அந்த இரண்டு வளையங்களையும் கோத்துக்கொண்டு ஒரு சின்னக் கண்ணி. சங்கிலி அந்தச் சின்னக் கண்ணியில்தான் பூட்டப்படும். நாய் சாதாரணமாக நடக்கும்போது பட்டை தளர்வாகக் கிடக்கும். பின்வாங்கி இழுத்தால் கண்ணி இழுபட்டு, பட்டை கழுத்தளவுக்குச் சுருங்கும், அதற்குமேல் சுருங்காது. தலை வெளியே வராது, மூச்சும் நிற்காது.

வாங்கினால் மட்டும் போதாது, அளவு வைக்கவும் வேண்டும். கண்ணியை இழுத்துப் பார்க்கும்போது இரண்டு வளையங்களும் ஒன்றோடொன்று முட்டிவிட்டால் பட்டை ரொம்பத் தளர்வு என்று அர்த்தம், அதற்குமேல் இறுக இடமில்லை. இரண்டு விரல் இடைவெளி இருக்கும்போதே பட்டை கழுத்தில் நின்றுவிட வேண்டும். காதுக்குக் கீழே, கழுத்தின் மேல்பகுதியில் அது உட்கார வேண்டும். நான் முதலில் கடையில் வாங்கினேன், அளவு சரிவரவில்லை. பிறகு எங்கள் தெருமுனையில் பை தைக்கும் அண்ணனிடம் ஸ்கூல் பை நாடாவைக் கொடுத்து, இரும்பு வளையம் வைத்து, நாலு தையல் போட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு எச்சரிக்கை: மார்ட்டிங்கேல் நடைக்கு மட்டும்தான். வீட்டில் தனியாக இருக்கும்போது போட்டுவைத்தால், அந்தக் கண்ணி கிரில் கேட்டிலோ கட்டில் காலிலோ மாட்டிக்கொண்டு ஆபத்தாகிவிடும். நம்பர் தகட்டுக்கு மின்னலிடம் இப்போது வேறொரு மெல்லிய பெல்ட் இருக்கிறது. அதில் சங்கிலி பூட்டுவதே இல்லை.

மாடி வீட்டு சாரும் சாக்லேட் கலர் லாப்ரடாரும்

எங்கள் மாடியில் குடியிருப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வயது எழுபதைத் தொடுகிறது, முழங்கால் வலி உண்டு. வெளிநாட்டில் இருக்கும் மகன் விட்டுவிட்டுப் போன லாப்ரடார் ஒன்று அவரிடம் இருக்கிறது, எடை 32 கிலோ. காலையில் சார் நாயைக் கூட்டிக்கொண்டு போகிறாரா, நாய் சாரைக் கூட்டிக்கொண்டு போகிறதா என்று தெருவே வேடிக்கை பார்க்கும். சிரிப்பாகத்தான் இருந்தது, ஒருநாள் பூனையைப் பார்த்து அது பாய்ந்ததில் அவர் குப்புற விழுந்து மணிக்கட்டில் கட்டுப்போடும் வரைக்கும்.

இதில் கொடுமை, அவர் அக்கறையாகத்தான் இருந்திருக்கிறார். கழுத்து வலிக்கக்கூடாதே என்று பாடி பெல்ட் வாங்கிப் போட்டிருந்தார். ஆனால் அது முதுகில் வளையம் உள்ள பாடி பெல்ட். பனிப்பிரதேசங்களில் சறுக்குவண்டி இழுக்கும் நாய்களுக்கு எதைப் பூட்டுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மார்பில் பாரம் பரவலாக விழுந்து, பின்னாலிருந்து இழுபடுகிற வார்தான். நாய்க்கு வலிக்காமல் முழு பலத்தையும் போட்டு இழுக்கத் தோதான அமைப்பு அது. சார் தெரியாமல் தன் நாய்க்கு வண்டி இழுக்கும் வாரைப் பூட்டி, வண்டியின் இடத்தில் தான் நின்றிருக்கிறார்.

அதே பாடி பெல்ட்டில், வளையம் மார்புக்கு முன்னால் இருக்கும் ரகமும் உண்டு. நாய் முன்னோக்கிப் பாய்ந்தால் மார்பிலிருந்து இழுபடுவதால் அதன் உடம்பு பக்கவாட்டில் திரும்பி, நம்மைப் பார்த்தபடி நிற்கும். பலத்துக்குப் பலம் காட்டவேண்டிய அவசியம் இல்லை. பெரிய நாய், சின்ன உடம்புக்காரர் என்றால் இதைத்தான் முதலில் முயற்சி செய்து பார்க்கலாம்.

வாங்கும்போது முன்பக்க வடிவத்தைக் கவனியுங்கள். இரண்டு தோள்களுக்கும் நடுவே மார்பெலும்பை நோக்கி, ஆங்கில 'ஒய்' எழுத்துபோல இறங்குவது நல்லது. தோள்களின் குறுக்கே நேர்க்கோடாக ஒரு பட்டை போவது சில நாய்களுக்கு முன்னங்காலை நீட்டி வைக்கத் தடையாகிவிடும். அக்குளுக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் இடம் வேண்டும். இல்லையென்றால் வியர்க்குரு காலத்தில் நமக்குச் சட்டை உரசுவதுபோல, அங்கே தோல் உரிந்துவிடும்.

முகத்தில் மாட்டும் பட்டை என்று ஒன்றும் இருக்கிறது, ஹெட் ஹால்டர் என்பார்கள். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போல என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஆனால் தத்துவம் கிட்டத்தட்ட அதுதான், மூக்கைக் குத்தாமல். தலை திரும்பிய பக்கம் உடம்பு திரும்பும். பலசாலி நாய்க்கு இது நன்றாக வேலை செய்யும். ஆனால் எடுத்தவுடன் மாட்டினால் நாய் தரையில் முகத்தைத் தேய்த்து ரகளை செய்யும். ஒரு வாரம், பத்து நாள், அதைக் காட்டித் தின்பண்டம் கொடுத்துப் பழக்க வேண்டும். சங்கிலியை வெடுக்கென்று இழுக்கவே கூடாது, கழுத்தெலும்பு திருகிக்கொள்ளும். பார்க்கிறவர்கள் வாய்மூடி என்று நினைத்து "கடிக்குமா?" என்று பத்தடி தள்ளிப் போவார்கள். அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். சார் அதனாலேயே வேண்டாம் என்றுவிட்டார்.

பக், பொமரேனியன் வீடுகளுக்கு ஒரு வார்த்தை

கழுத்துக்குள் என்னென்ன இருக்கிறது? மூச்சுக்குழாய், உணவுக்குழாய், குரல்வளை, தைராய்டு சுரப்பி, தலைக்கு ரத்தம் கொண்டுபோய்க் கொண்டுவரும் குழாய்கள். மூச்சுக்குழாயைத் திறந்து வைத்திருப்பது குருத்தெலும்பு வளையங்கள். பொமரேனியன் மாதிரி சின்ன இனங்களில் இந்த வளையங்கள் வயதாக ஆகத் தளர்ந்து, குழாய் சப்பையாகிவிடும் நோய் அடிக்கடி வரும். சந்தோஷத்தில் குதிக்கும்போதோ பெல்ட் இழுபடும்போதோ வாத்து கத்துவதுபோல வறட்டு இருமல் வந்தால், அதுவாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள்.

பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சு விடுவதே ஏற்கெனவே சிரமம். நாய்களுக்கு உடம்பெல்லாம் வியர்க்காது, இளைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். நம்மூர் மே மாத வெயிலில் அந்த வழியையும் கழுத்தில் அமுக்கினால் என்ன ஆகும்? கண்ணும் ஒரு காரணம். 2006-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், கழுத்துப்பட்டையில் இழுபடும்போது நாயின் கண்ணுக்குள் அழுத்தம் கூடுவதும், பாடி பெல்ட்டில் இழுபடும்போது அப்படிக் கூடாததும் தெரிந்தது. கண் பிதுங்கிய ரகங்களுக்கும், கண் நோய் உள்ள நாய்களுக்கும் இது சின்ன விஷயம் இல்லை. இந்த வீடுகளில் யோசிக்கவே வேண்டாம், நடைக்குப் பாடி பெல்ட்தான். தகடு தொங்கவிட மட்டும் கழுத்தில் மெல்லியதாக ஒன்று.

"எங்க நாய்க்கு நல்ல அகலமான, பஞ்சு வெச்ச பெல்ட்தானே போட்டிருக்கோம்?" என்று கேட்கலாம். 2020-ல் பிரிட்டனின் நாட்டிங்ஹாம் ட்ரென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாயின் கழுத்துபோல ஒரு மாதிரி செய்து, பலவிதப் பட்டைகளை மாட்டி இழுத்துப் பார்த்தார்கள். இழுக்கும்போது கழுத்துக்கு ஆபத்தே இல்லாத பட்டை என்று ஒன்றுகூட அதில் தேறவில்லை. அகலமானது மெல்லியதைவிடத் தேவலாம், அவ்வளவுதான். எந்தப் பெல்ட்டும் இழுக்காத நாய்க்குத்தான் நல்ல பெல்ட்.

"ஷாக் வைங்க, ஒரே நாள்ல அடங்கிரும்"

இப்படிச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எனக்கும் சொன்னார்கள். மின்னல் தொலைந்து கிடைத்த வாரத்தில் அதைக் கேட்கும் மனநிலையில்கூட இருந்தேன்.

சோக் செயின் என்பது ஒரு வளையத்துக்குள் சங்கிலி ஓடும் சுருக்கு. எங்கே நிற்க வேண்டும் என்ற கணக்கு அதற்கு இல்லை, இழுக்க இழுக்க இறுகும். தலைகீழாக மாட்டிவிட்டால், இழுப்பு நின்ற பிறகும் சரியாகத் தளராது. நம்மில் பலர் தலைகீழாகத்தான் மாட்டுகிறோம். முள் பட்டை என்பது உள்பக்கம் இரும்புப் பற்கள் கொண்டது. ஷாக் காலர் ரிமோட்டை அமுக்கினால் கழுத்தில் மின்சாரம் சுண்டும்.

வலியால் நாய் அந்த நொடி நிற்கும், பொய் சொல்ல விரும்பவில்லை. பிரச்னை அடுத்த மாதம் வரும். எதிரே ஒரு குழந்தை வருகிறது, உங்கள் நாய் அதை நோக்கித் துள்ளுகிறது, நீங்கள் பட்டனை அமுக்குகிறீர்கள். 'துள்ளியதால் வலித்தது' என்று நாய் புரிந்துகொள்ளும் என்பது நம் நம்பிக்கை. 'குழந்தை வந்தால் வலிக்கும்' என்றும் அது புரிந்துகொள்ளலாம். விளையாட ஓடிய நாய், பிறகு குழந்தையைப் பார்த்தாலே உறும ஆரம்பிக்கும். ஏற்கெனவே பயத்தில் குரைக்கிற நாய்க்கு இதைப் போடுவது இன்னும் மோசம். மின்னல் ஓடியது திமிரில் இல்லை, ஹாரன் சத்தத்துக்குப் பயந்து. பயந்தவளுக்கு ஷாக் வைத்தால் பயம் கூடத்தானே செய்யும்?

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2010-லேயே ஷாக் காலருக்குத் தடை விதித்துவிட்டார்கள். லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், பரிசு கொடுத்துப் பழக்கிய நாய்களைவிட ஷாக் காலரில் பழகிய நாய்கள் எந்த விதத்திலும் மேலாகக் கற்றுக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. நம் நாட்டிலும், 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில், அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதே குற்றம். நாள் பூராவும் ஒரு முழச் சங்கிலியில் வாசலில் நாயைக் கட்டிப்போடுகிற வீடுகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அப்படிக் கட்டிக்கிடந்த நாய் மாலையில் ரோட்டைக் கண்டதும் இழுக்காமல் என்ன செய்யும்?

கயிறு வளராது, குட்டி வளரும்

டாக்டரம்மா மேஜையில் கோபமாகச் சொன்ன ஒரு விஷயத்தை இங்கே எழுதியே ஆகவேண்டும். தெருவில் எடுத்த குட்டிக்குக் குழந்தைகள் ஆசையாக ஒரு கறுப்புக் கயிறோ சணலோ கட்டிவிடுவார்கள். திருஷ்டிக்கு என்று பெரியவர்களும் கட்டுவார்கள். குட்டி மூன்று மாதத்தில் மளமளவென்று வளர்ந்துவிடும். முடிக்குள் மறைந்த கயிறு தோலை அறுத்து உள்ளே போய், நாற்றம் அடிக்கும்போதுதான் வீட்டாருக்குத் தெரியும். சில சமயம் மயக்கம் கொடுத்து அறுவைசிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும். குட்டி வீட்டில் இருந்தால் வாரம் ஒருமுறை இரண்டு விரலை விட்டுப் பாருங்கள். போகவில்லையா, அன்றே தளர்த்துங்கள்.

தெருவிலிருந்து எடுத்த வளர்ந்த நாட்டு நாய்க்கு வேறு பிரச்னை. கழுத்தில் ஏதாவது பட்டாலே உறைந்துபோய் உட்கார்ந்துவிடும், அல்லது துள்ளித் துள்ளிக் கழற்றப் பார்க்கும். முதல் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே, சாப்பாட்டு நேரத்தில் மட்டும் மாட்டிப் பழக்குங்கள். வெளியே போக ஆரம்பித்ததும் சில மாதங்களுக்குப் பாடி பெல்ட் ஒன்று, மார்ட்டிங்கேல் ஒன்று, இரண்டிலும் தனித்தனிக் கயிறு. பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். ஒன்று கழன்றாலும் இன்னொன்று இருக்கும்.

பிடிக்கும் கயிறு ஐந்து, ஆறு அடி போதும். பருத்தி நாடா கைக்கு இதம். ரீல் மாதிரி நீண்டுகொண்டே போகும் ரகம் நம் தெருக்களுக்கு வேண்டவே வேண்டாம், நீங்கள் பட்டனைத் தேடுவதற்குள் நாய் ஆட்டோவுக்கு முன்னால் நிற்கும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். சாருக்கு மணிக்கட்டில் கட்டு விழுந்தது அதனால்தான். மழைக்காலத்தில் நனைந்த நைலான் பெல்ட்டைக் கழுத்திலேயே விட்டால் அடியில் புண் வரும், உண்ணியும் அங்கேதான் ஒளியும். வீட்டுக்கு வந்ததும் கழற்றித் துடைத்துவிடுங்கள். சலங்கை கட்டுவது உங்கள் இஷ்டம். ஆனால் அந்தச் சத்தத்தை நாள் முழுக்கக் கேட்கப்போவது நீங்கள் அல்ல.

சரி, இழுக்காமல் நடக்கப் பழக்குவது எப்படி? இதற்குத் தனிக் கட்டுரையே வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். கயிறு இறுகினால் மரம்போல நின்றுவிடுங்கள், இழுக்கவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். கயிறு தளர்ந்த அடுத்த நொடி நடங்கள். உங்கள் முழங்கால் பக்கத்தில் வரும்போதெல்லாம் வேகவைத்த ஈரல் துணுக்கு ஒன்று. முதல் நாள் நாலு வீடு தாண்டவே இருபது நிமிடம் ஆகும். மாடி வீட்டு சார் வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர், பொறுமைக்குக் கேட்கவா வேண்டும்? மார்பு வளையப் பாடி பெல்ட்டோடு ஐந்தே வாரத்தில் லாப்ரடாரை வழிக்குக் கொண்டுவந்துவிட்டார். இன்னும் பூனையைக் கண்டால் மட்டும் அதற்குப் பாடம் மறந்துவிடுகிறது.

போன வாரம் அதே பைபாஸ் ரோட்டில், அதே மாதிரி ஒரு லாரி ஹாரன். மின்னல் பின்னால் எகிறினாள். பை தைக்கும் அண்ணன் போட்ட நாலு தையலும் ஒருமுறை முறுகி, பட்டை சுருங்கி, கழுத்தில் நின்றது. நான் இழுக்கவில்லை. அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். லாரி போனதும் பட்டை தளர்ந்தது, அவள் வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். உடம்பு இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

விழுந்து எழுந்த அந்தத் தம்பிக்கு இதுதான் தினமும் வேலைக்குப் போகிற வழி. தூரத்தில் எங்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து, "பெல்ட் டைட்டா இருக்காக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறான்.